ஆள் இல்லாமல் ஓடும் பம்ப்

நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் குளிப்பதற்குக் குளம் வெட்டிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அறுபத்து நாலில் நான் போர்ட் பிளேருக்கு ஃபிட்டராக வந்தபோது, மேட்டு விருந்தினர் மாளிகையின் பின்பக்கம் அது ஏற்கெனவே இருந்தது. நீலச் சாயம் பூசிய நீச்சல் குளம். ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பம்ப். பம்புக்குப் பக்கத்தில் ஜம்புலிங்கம்.

ஜம்புலிங்கம் விளாத்திகுளத்துக்காரன். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி மஸ்தூர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பெண்டாட்டியோடு இருந்தது மொத்தம் நாற்பத்தோரு நாள். இரண்டு கப்பலுக்கு நடுவில் கிடைத்தது அவ்வளவுதான். பம்ப் ஆபரேட்டர் வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் விசாலாட்சி கப்பலேறலாம். அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விசேஷ நாளில் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து உடுத்திவிட்டு, துவைத்து மறுபடி பெட்டியிலேயே வைப்பாளாம். மெயின்லேண்ட் தபால் வந்த அன்றெல்லாம் ஜம்புலிங்கம் இதை எனக்கு வாசித்துக் காட்டுவான்.

அந்த வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஒரு பெரிய சாகிப் வருவதாகத் தந்தி வந்தது. சரியாக அந்த வாரம்தான் பம்புக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

தண்ணீரோடு சேர்த்துக் காற்றையும் குடித்தது. குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வருகிற வாயில் சோடா உடைத்தாற்போல் குமிழி. ஐந்து நிமிஷம் ஓடும், பிறகு கூழாங்கல்லை மெல்வதுபோல் கரகரக்கும், பிறகு வெறுமனே சுற்றும். ஜம்புலிங்கம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றை விரட்டி மறுபடி கிளப்புவான். மறுபடி ஐந்து நிமிஷம்.

தண்ணீர் வெளியே ஒழுகினால் கண்ணில் படும். இது வெளியே இருக்கிற காற்று உள்ளே ஒழுகுவது, கண்ணுக்கே தெரியாது. குளத்திலிருந்து பம்புக்கு வருகிற குழாயை இணைப்பு இணைப்பாகக் கழற்றி, சணல் சுற்றி, சபேதா என்கிற வெள்ளைப் பசையைப் பூசி முறுக்கினேன். குப்பை வடிகட்டுகிற பெட்டியின் மூடிக்குப் புது வாஷர் வெட்டிப் போட்டேன். ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் ஊற்றிச் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தேன். மாறவில்லை. கடைசியில் பீடி பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பம்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தேன். வடிகட்டிப் பெட்டியின் அடிவயிற்றில், போல்ட்டுக்குப் பின்னால் போனதும் புகை சாய்ந்தது. நான் கையை எடுப்பதற்குள் பம்ப் ஒரே இழுப்பில் பீடியைக் கடைசிவரை குடித்துவிட்டது. புகை நீச்சல் குளத்தின் மறுகோடியில் குமிழி குமிழியாக வெளிவந்தது. தண்ணீருக்குள் யாரோ பீடி குடிக்கிறார்கள் என்று மாளிகைச் சமையல்காரர் எழுதிக்கொடுத்த புகார் இன்னும் ஆபீசில் இருக்கும்.

வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல். வெல்டிங் வைத்தால் இன்னும் பிளக்கும். புதுப் பெட்டிக்கு மெயின்லேண்டுக்கு எழுதினால், பதில் வரவே நாலு கப்பல் ஆகும். தார் பூசினேன், உறிஞ்சிவிட்டது. மெழுகு அடைத்தேன்; தின்றுவிட்டது. சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினேன். கால் மணி நேரத்தில் கட்டைத் தளர்த்தி, மடித்து, வெற்றிலை போடுவதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் வெறுத்துப்போய் ஜம்புலிங்கம் விரிசல்மேல் ஓர் அறை விட்டான். கை அங்கேயே ஒட்டியது. குமிழி நின்றது. கரகரப்பு நின்றது. பம்ப் கோயில் மணி ஓய்கிற மாதிரி இதமாக முனகியபடி ஓடிற்று.

"அண்ணாச்சி, கேக்குதா?" என்றான்.

கேட்டது. அவனுடைய உள்ளங்கைச் சதைக்கு ஈடான வாஷர் அந்தமானிலேயே இல்லை.

ஓவர்சியர் கோவிந்தராஜ் அதற்கு முன்பே பம்ப் சரியாகிவிட்டதென்று மேலே எழுதி அனுப்பியிருந்தார். விரிசல் வெளியே தெரிந்தால் பம்பையே கழித்துக்கட்டிவிடுவார்கள், பம்ப் போனால் ஆபரேட்டர் பதவியும் போகும் என்றார். அது சரியாகத்தான் பட்டது. அதனால் யோசனையை நான் சொன்னேன். சாகிப் இருக்கிற வரை கையை எடுக்காதே, என்ன செய்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல். ஜம்புலிங்கம் அதை மனப்பாடம் செய்தான்.

சாகிப் வந்தார். குளத்தைப் பார்த்ததும் கொண்டுவந்த கோப்புகளை மறந்துவிட்டு, ஜட்டி மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். முக்கால் மணி நேரம் நீந்தினார். முக்கால் மணி நேரமும் ஜம்புலிங்கம் கொட்டகையில் குந்தியபடி, பம்பைச் செல்லம் கொஞ்சுகிறவன்போல அடியில் கையை வைத்திருந்தான். ஒரு குமிழி வரவில்லை.

துண்டைப் போர்த்திக்கொண்டு சாகிப் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யே ஆத்மி க்யா கர்த்தா ஹை?" இந்த ஆள் என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"குச் நஹி, சாப்," என்றான் ஜம்புலிங்கம், சொல்லிக்கொடுத்ததைவிட அழகாக. "பைட்டா ஹூம்." ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

சாகிப் சிரித்தார். முக்கால் மணி நேரமாகத் தானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகவும், இந்த ஆள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்றும் ஓவர்சியரிடம் சொன்னார். பம்ப் அபாரமாக ஓடுகிறது, ஆள் தேவையில்லை, பதவியை எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே நின்று எழுதச் சொன்னார்.

ஒன்பது வருஷத்தில் ஜம்புலிங்கத்துக்கு இந்தி நன்றாகவே வந்திருந்தது.

கையை எடுத்தால் போதும். பம்ப் அங்கேயே திணறும், வாளி தேவைப்படும், ஆள் தேவைப்படும். கழித்துக்கட்டுவது அப்புறம், இன்றைக்கு ஆள் வேண்டும். நான் ஓவர்சியருக்குத் தெரியாமல், எடு என்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னையே பார்த்தான்.

"வர மாட்டேங்குது, அண்ணாச்சி," என்றான் மெதுவாக.

தோளிலிருந்து இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான். பம்ப் விடவில்லை. நான் சுவிட்சுப் பக்கம் போனேன். சுவிட்சுப் பலகையை மறைத்துக்கொண்டு ஓவர்சியர் நின்றார். சரியாகிவிட்டதென்று எழுதிய கை அவருடையது, நகரவில்லை. சாகிப் தலைவாரி, டீ குடித்து, ஜீப்பேறிப் போகிறவரை பம்ப் முனகிக்கொண்டே ஓடிற்று. அதற்கு முன்போ பின்போ அது அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

சுவிட்சை அணைத்ததும் கை வந்தது, சோடா மூடி கழன்ற சத்தத்தோடு. உள்ளங்கையின் குறுக்கே விரிசலின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, கருஞ்சிவப்பாக, ஒரு புது ரேகை மாதிரி. மறையவில்லை. அபர்தீன் பஜாரில் கைபார்க்கிற ஒருவரிடம் காட்டியபோது, அது கடல் பயண ரேகை, சீக்கிரமே கப்பல் உண்டு என்றார். பலித்தது. அடுத்த மாதமே ஜம்புலிங்கத்தைக் கப்பலேற்றி, ரோடு போடுகிற வேலைக்கு வடக்கு அந்தமானில் இருக்கிற திக்லிபூருக்கு அனுப்பினார்கள். தினக்கூலிதான்.

பம்ப் அன்று சாயங்காலமே செத்தது. புதுப் பெட்டி கேட்டு நான் மூன்று தடவை எழுதினேன். மேற்படி பம்ப் ஆள் இல்லாமலே அபாரமாக ஓடுவதாகக் கோப்பில் இருக்கிறது, பழுது என்பது தவறான தகவல் என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. குளம் பச்சையாகி, தவளைகள் குடியேறின. அவற்றுக்கு நிரந்தரக் குவார்ட்டர்ஸ்.

விசாலாட்சியின் அடுத்த கடிதம் ஜம்புலிங்கம் போன பிறகு மேட்டு மாளிகை விலாசத்துக்கே வந்தது. திக்லிபூருக்குத் திருப்பி அனுப்புவதற்குமுன் நான் பிரித்துப் படித்தேன், பழக்கம். சாகிப் வந்து போயிருப்பாரே, நல்ல சேதிதானே என்று கேட்டிருந்தாள். பொங்கலுக்குப் பெட்டியைத் திறக்கவில்லை, பழைய சேலையையே கட்டிக்கொண்டேன், கட்டிய பெட்டி கட்டியபடியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.