மணிக்கட்டில் ஓர் அழுத்தம்

பீரோ என்று எல்லோரும் கூப்பிடுகிற சுமைக்காரன் தன் ஓட்டை மல்லன் எரிமலைக்குப் போட்டதும், சோபாக் கடையின் பின்னறையில் பதினாறு தலைகள் அவன் பக்கம் திரும்பின.

எட்டுக்கு எட்டு என்று நின்றிருந்த கணக்கு. கடைசி ஓட்டு அவனுடையது. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் இந்த மல்யுத்த ரசிகர் மன்றத்துக்கு வந்து, எரிமலையின் பெயர் காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அவனா?

"ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார் கண்டக்டர்.

பீரோ சிரித்தான். அந்தக் கடையில் பீரோவும் கட்டிலும் சோபாவும் சுமந்து வீடுகளில் இறக்குவது அவன் வேலை. நூற்று நான்கு கிலோ. சதுரமாக, கதவு வைத்தாற்போல் இருப்பான். பெயர் பொருந்திவிட்டது.

அதுவரை இரண்டு மணி நேரம் அந்த அறையில் போர்தான் நடந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் பதினேழு பேர் உட்கார்ந்து, எல்லாக் காலத்துக்கும் சிறந்த மல்லன் யார் என்று அடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். எரிமலை, சாட்டை.

சாட்டையின் கட்சிக்குத் தலைமை, கணக்கு டீச்சர். "சாட்டைக்குத் தோள்ல அடின்னா அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கையால தண்ணி டம்ளர்கூட எடுக்க மாட்டாருங்க. பாக்கிற நமக்கே தோள் வலிக்கும். அதுதான் திறமை."

"டம்ளர் எடுக்காததுக்கெல்லாம் பட்டம்னா, முதல்ல எங்க மாமனாருக்குக் குடுக்கணும் டீச்சர்," என்றார் கண்டக்டர்.

எரிமலையின் கட்சிக்குத் தலைமை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பள்ளியில் படித்த காலத்திலிருந்து எல்லாப் போட்டிகளையும் நோட்டில் எழுதி வைத்திருப்பவர். அவர் எழுந்து நின்று பேசினார். "யார் ஜெயிக்கிறது, யார் தோக்கிறதுங்கிறது எல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுதான். இங்க யாரும் கைக்குழந்தை இல்லை. ஆனா தூக்கு? கறுப்புக் கரடிங்கிற நூத்திப் பத்து கிலோ மல்லனை ஒத்தைத் தோள்ல தூக்கி நிறுத்தினாரே, அதையுமா பேசி வெச்சாங்க? எடை பொய் சொல்லுமா?"

"கறுப்புக் கரடியத் தூக்கினதெல்லாம் ஒரு கணக்கா சார்? அந்த ஆளு மெத்தை, தோக்கறதுக்குன்னே வர்றவன். யார் வேணா எடுத்துப் போடலாம்," என்றார் கண்டக்டர். அறை முழுக்கச் சிரிப்பு. டீச்சரும் சிரித்தார்.

பீரோ கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். வைக்காவிட்டால் உடைந்திருக்கும்.

இப்போது ஓட்டும் போட்டாயிற்று. மன்றத் தலைவரான கடை முதலாளி மேஜையைத் தட்டினார். "முடிஞ்சுது. பட்டம் எரிமலைக்கு. விழா டீச்சரோட பள்ளிக்கூட ஹால்ல, அடுத்த ஞாயிறு காலையில."

"ஒரு சின்ன ஆசை முதலாளி," என்றான் பீரோ. "அவரு எந்த விழாவுக்குப் போனாலும் கூட்டத்துல ஒருத்தரைத் தூக்கிக் காட்டுவாராமே. இந்தத் தடவை என்னைத் தூக்கட்டும்."

கண்ணாடிக் கடைக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கை முதுகைச் சுற்றி வரவில்லை. "நூத்தி நாலு கிலோ! அறுபது வயசுல! நோட்டுல தனிப் பக்கமே ஒதுக்கிடறேன் தம்பி."

பீரோவின் அப்பாதான் கறுப்புக் கரடி.

மன்றத்தில் யாருக்கும் தெரியாது. கரடி எப்போதும் முகமூடியோடுதான் ரிங்குக்கு வருவார். பதினாலு வருஷம் விளையாடி, பதினாலு வருஷமும் தோற்றார். தோற்பதற்குத்தான் சம்பளம். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, பத்து வயது மகனின் காதோடு சொன்னார்: "நாளைக்கு அப்பா ஜெயிக்கப் போறேன். பேசியாச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதே." ரிங்கில் இருந்த காலத்தில் தொழில் ரகசியத்தை அவர் வெளியே சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் மாலை மூன்றாவது வரிசையில் அம்மாவும் மகனும். எதிரே எரிமலை. மணி அடித்ததும் கரடி கழுத்தைத் திருப்பி மகனைத் தேடினார். கையைத் தூக்கி ஆட்டினார். எரிமலை அந்த நேரத்துக்காகவே காத்திருந்ததுபோல் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்து, கழுத்தோடு மடக்கித் தரையில் இறக்கினார்.

தன்னை ஒரு மெத்தை ஜெயிப்பதா என்ற கோபம். அவ்வளவுதான் காரணம்.

ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கரடி எழுந்திருக்கவில்லை. அன்றோடு அவர் கழுத்து திரும்புவது நின்றுபோயிற்று. இப்போது வாசலில் யார் வந்தாலும் நாற்காலியோடு திரும்பித்தான் பார்ப்பார். ஹார்டுவேர் கடைக்குத் திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறார். எரிமலை ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை.

"எரிமலை நிஜமாவே தூக்குவான்னு நினைச்சியா?" என்று அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "எவனும் எவனையும் தூக்கறதில்லைடா. தூக்கறவன் நம்ம மணிக்கட்டை ஒரு தடவை அழுத்துவான். ரெடியான்னு அர்த்தம். நாமளும் ஒரு தடவை அழுத்துவோம். ரெடின்னு அர்த்தம். அப்புறம் நாம குதிப்போம். அவன் தோள் குடுப்பான். கேக்காம எவனும் தொட மாட்டான். அன்னிக்கு அவன் கேக்கலை."

அடுத்த ஞாயிறு காலை பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை. காற்றுப் போன பந்துகள் நடுவே எரிமலை உட்கார்ந்திருந்தார். தலை நரைத்தாலும் தோள் மட்டும் வாசற்படி மாதிரி அகலம். பீரோ உள்ளே வந்ததும் அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"வழக்கமா நம்ம ஆள் ஒருத்தன் கூட்டத்துல இருப்பான் தம்பி. நீ ஆசைப்பட்டேன்னு சொன்னாங்க. பரவாயில்லை. ஒரு சின்ன விஷயம். வெளியே சொல்லக் கூடாது."

"சொல்லுங்க ஐயா."

"உன் மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு தடவை அழுத்துவேன். நீயும் அழுத்து. அழுத்தின உடனே குதிச்சிடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"குதிக்கலைன்னா?"

எரிமலை சிரித்தார். "ஏன் குதிக்காம? என் காலத்துல கறுப்புக் கரடின்னு ஒருத்தன் இருந்தான். பஞ்சு மாதிரி ஏறுவான். கடைசியில அவனுக்கே ஜெயிக்கணும்னு ஆசை வந்துடுச்சு. ஒரே போடு. அதோட அடங்கிட்டான்."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் பீரோ. குரல் மாறாமல் பார்த்துக்கொண்டான்.

மேடையில் மாலை, கேடயம், முதலாளியின் நீளமான பேச்சு எல்லாம் முடிந்தன. கண்ணாடிக் கடைக்காரர் மைக்கில், "இப்போ அந்தத் தூக்கு!" என்றார். பீரோ படியேறினான். ஹால் முழுக்க விசில்.

எரிமலை குனிந்து, ஒரு கையால் அவன் தொடையைச் சுற்றிப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டைப் பற்றினார். ஒரு தடவை அழுத்தினார்.

பீரோ அழுத்தவில்லை. உடம்பைத் தளர்த்தினான். சுமை எப்போது கனக்கும் என்பது சுமக்கிறவனுக்குத் தெரியும். இடுப்பைக் கீழே விட்டு, மூச்சை வெளியே விட்டு, முழு எடையையும் குதிகாலில் இறக்கினான்.

இரண்டாவது அழுத்தல். விசில் குறைந்தது.

"குதிடா," என்றார் எரிமலை பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றாவது தடவையும் அழுத்தினார்.

"எங்கப்பாகிட்ட நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே," என்றான் பீரோ அவர் காதோடு.

"யாருடா உங்கப்பா?"

"அடங்கிட்டான்னு சொன்னீங்களே. அவருதான்."

எரிமலைக்கு முகம் வெளிறியது. அப்புறம் சிவந்தது. விட்டுவிட்டு நிமிர்ந்திருக்கலாம், தோள் வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வந்த அதே கோபம் இப்போதும் வந்தது. நிஜமாகவே தூக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. எல்லாக் காலத்துக்கும் சிறந்த மல்லன் பட்டென்று மேடையில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

பீரோ நின்ற இடத்தில் நின்றான். அவன் கால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"என்னாச்சு?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அவர் குரல் மைக்கில் அழுகிற மாதிரிக் கேட்டது.

பீரோ மைக்கை வாங்கினான். "ஒண்ணும் ஆகலை சார். நான் குதிக்கலை. குதிக்கிறவன் குதிச்சாத்தான் இவரு தூக்குவாரு. உங்க நோட்டுல இவரு தூக்கினதா எத்தனை பேர் இருக்கோ, அத்தனை பேரும் குதிச்சிருக்காங்க. கறுப்புக் கரடி கடைசி நாள் குதிக்கலை. அன்னிக்கு அவருதான் ஜெயிக்கணும்னு பேச்சு. பேச்சை மீறி, கேக்காம, பின்னாலேர்ந்து கழுத்தை மடக்கிட்டாரு இவரு. கரடி எங்கப்பா. இன்னிவரைக்கும் அவருக்குக் கழுத்து திரும்பாது."

எல்லோரும் எரிமலையைப் பார்த்தார்கள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் டீச்சர்தான் முதலில் பேசினார். "அப்போ இத்தனை வருஷமா நாம தப்பான ஆளைப் பத்தியா சண்டை போட்டோம்?"

கண்டக்டர் பீரோவைப் பார்த்தார். மெத்தை என்று சொன்ன வாய். "தம்பி, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் அண்ணே. அப்புறம் பேசலாம். இவரை இறக்கணும். ஒரு நாற்காலி குடுங்க."

நாற்காலி வந்தது. எரிமலையை இரண்டு பேர் பிடித்து அதில் உட்கார வைத்தார்கள். மேடைக்கு ஏழு படிகள். பீரோ இடுப்பிலிருந்து சாமான் சுமக்கும் பட்டையை அவிழ்த்து நாற்காலிக்கு அடியில் கொடுத்தான். நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

அப்புறம் குனிந்து எரிமலையின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு தடவை அழுத்தினான்.

"ரெடியான்னு கேக்கறேன் ஐயா. நாங்க கேட்டுட்டுத்தான் தூக்குவோம். அழுத்துங்க."

எரிமலை கண்ணை மூடிக்கொண்டார். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படாமல் பீரோ காத்திருந்தான். பத்தொன்பது வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு நிமிஷம் என்ன பெரிய விஷயம்?

எரிமலை அழுத்தினார்.

பீரோ அவரை நாற்காலியோடு தூக்கி, ஏழு படிகளையும் நிதானமாக இறங்கி, ஹாலின் நடுவழியாக, ஓர் இரும்பு பீரோவை இறக்குவதுபோல் வாசல்வரை கொண்டுபோய் வைத்தான். ஒருவரும் கை தட்டவில்லை. இரண்டு பக்கமும் எழுந்து நின்று வழிவிட்டார்கள். கேடயம் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க யாரும் நகரவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அப்பா ஜன்னல் பக்கம் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பீரோ செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னான். அப்பா எண்ணுவதை நிறுத்தினார்.

"உன் கையை எத்தனை தடவை அழுத்தினான்?"

"மூணு."

"மூணா? ரெண்டாவது தடவை அழுத்தினாலே பயந்துட்டான்னு அர்த்தம்டா." கையிலிருந்த திருகாணிகளை டப்பாவில் போட்டார். "கடைசியில, நீ கேட்டப்போ?"

"ஒரு தடவை. கெட்டியா அழுத்தினாரு."

அப்பா இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலியை முழுக்க அவன் பக்கம் திருப்பினார்.

"முதல்லேர்ந்து சொல்லு. அந்த இடத்தை மட்டும் மெதுவா சொல்லு."