போன வாரம் முழங்காலிட்டவள்

…ஏனென்றால் எக்ஸ்ரேக்கு நிற்கிறவர்கள் எனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள், அவர்களுடைய இடது என் இடதுதான், ஈயத்தில் செய்த அந்தச் சின்னக் குறியைக் கை தானாகப் போய் ஒட்டிவிடும், எக்ஸ்ரேயில் இடது எது என்று டாக்டருக்குச் சொல்வது அது ஒன்றுதான், ஆனால் அந்த நோயாளி படுத்திருந்தார், என்னைப் பார்த்துப் படுத்திருந்தார், படுத்தவரின் இடது என் வலது, முதல் வருடப் பாடம், நாற்பது பேரை நிற்கவைத்து எடுத்த கைக்கு அது எங்கே ஞாபகம்… இதைத்தான் சொல்ல வேண்டும், இதே வரிசையில், பாவசங்கீர்த்தனம் செய்ய எனக்கு முன்னால் இன்னும் ஒருத்தர்தான். டாக்டர் படத்தை நம்பி நீர் எடுக்க நல்ல நுரையீரல் பக்கம் ஊசி குத்தினார், மறுநாள் காலை அந்தக் கட்டிலில் புது விரிப்பு. அன்று அறையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர், நானும் பெரியக்காவும், ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். குறி வைத்தது யார் என்று பெரிய டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்… திறந்தேனா? அவள் முந்திக்கொண்டாள். “நானாத்தான் சார் இருக்கும், மூக்குல கண்ணாடிய வெச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுற ஆளு நான்.” யாரும் சிரிக்கவில்லை. என்னைக் காப்பாற்றவில்லை அவள், நிஜமாகவே நம்பினாள், அதுதான்… அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள், நான் அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக் கையில் கொடுத்தேன்.

கூண்டுக்குள் மரமும் மெழுகும் மணத்தன. முழங்கால் போடுகிற மெத்தையில் யாருடையவோ இரண்டு குழிகள், என் முழங்கால்கள் அவற்றில் கச்சிதமாகப் பொருந்தின, இன்னும் சூடாக இருந்தது, முன்னால் போனவரின் சூடு, வேறென்ன. திரைக்கு அப்பால் ஃபாதரின் மூச்சு. காது மந்தம் அவருக்கு, எல்லாக் குரலும் ஒரே குரல் என்பார்கள். குறி, படுத்திருந்தவர், ஊசி, எல்லாம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். “இதையேதாம்மா போன வாரமும் சொன்ன. அப்பவே ஆண்டவர் மன்னிச்சுட்டாரே.” போன வாரமா? நான் வரவில்லை. வந்தேனா? என்னை அறியாமல் எழுந்து, செருப்பு மாட்டி, இந்தக் குழிகளில்… “கண்ண மூடினா அந்த மனுஷன் வந்து நிக்கிறாருன்னு அழுத. இப்பவாவது தூங்குறியா?” நான் நன்றாகத் தூங்குகிறேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். அப்போதுதான் புரிந்தது, தூங்காதவள் யார், என் பாவத்தை ஒரு சொல் பிசகாமல் தன்னுடையதாக இங்கே சொல்லி அழுதவள் யார் என்று.

திரைக்குப் பின்னால் பாவமன்னிப்பு தரக் கை உயர்ந்தது, துணியில் விரல்கள் எக்ஸ்ரே படத்தில் தெரிகிற எலும்புகள் போல. “ஃபாதர், கொஞ்சம் இருங்க. போன வாரம் வந்தது நான் இல்ல. தப்புப் பண்ணினது மட்டும்தான் நான்.” கை அப்படியே நின்றது. “அவங்ககிட்டச் சொல்லும்மா,” என்றார், “என் வாய் கட்டியிருக்கு.” ஆமாம், இங்கே சொல்வது எதுவும் இந்தத் துணியைத் தாண்டாது, கடவுளுக்குப் போகும், பெரியக்காவுக்குப் போகாது, சின்ன வயதிலிருந்தே தெரியும் எனக்கு… அப்படியென்றால், இத்தனை கதவுகள் இருக்க, நான் தேடித்தேடி இந்தக் கதவுக்கு வந்தது மன்னிப்புக்காகவா, அல்லது…