ஏழு யெஸ்

2013 ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சச்சிதானந்தன் தொலைபேசியில் ஏழு தடவை ‘யெஸ்’ சொன்னார். எண்ணி எழுதி வைத்தவர் எதிர்முனையில் இருந்த பீட்டர்.

பீட்டர் பசிபிக் தீவு நாடு ஒன்றின் சிறிய விமான நிறுவனத்தை நடத்துபவர். சீனா அன்பளிப்பாகக் கொடுத்த டர்போப்ராப் விமானம் ஒன்று மூன்று மாதங்களாக அவர்களிடம் பறந்துகொண்டிருந்தது. ஏதாவது பழுது கண்டால், ஆஸ்திரேலியப் புறநகரான பரமட்டாவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே இருந்த விமான ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சம்மதம் இல்லாமல் அதைப் பறக்கவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அங்கே சம்மதம் சொல்லும் பொறியியலாளர் சச்சிதானந்தன்.

நேற்றுத் தரையிறங்கும்போது முன்சக்கரம் முழுதாக நீண்டு பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை என்றார் பீட்டர். யெஸ். பல்பை மாற்றினோம். யெஸ். இப்போது எரிகிறது. யெஸ். விமானத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டிய ஜாக்கிகள் இன்னும் கப்பலில் வருகின்றன. யெஸ். இப்படியே ஏழு. பராமரிப்புக் கையேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடைசியில் சச்சிதானந்தன் சொன்னபோது, அதற்குள் பீட்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் பொறியியலாளர் வாய்மொழியாகச் சம்மதித்தபடி, நாற்பத்து மூன்று பயணிகளுடன் விமானம் புறப்பட்டுவிட்டது.’

சச்சிதானந்தனின் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைத் தன்ஸீல் எழுந்து வந்து திரையைப் படித்தான்.

“நான் சம்மதிக்கேல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான் சொன்னனான்.”

“எனக்கு விளங்குது அண்ணே. என்ட மனுசி அவட உம்மாவுக்கு ஃபோன்ல ஒரு மணித்தியாலம் ஓம் போடுவா. ஒண்டுமே செய்யமாட்டா. நம்மட ஓம் யெஸ் இல்ல, கேக்கிறன் எண்டுதான். அது பீட்டருக்கு எப்படி விளங்கும்?”

சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. பீட்டரின் எண்ணை நான்கு தடவை அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. ஐம்பது நிமிடப் பறப்பு. கையேட்டைத் திறந்து, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். விளக்கு எரியத் தவறினால் பூட்டைப் பரிசோதிக்காமல் பறக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

ஒரு மணிக்குச் சற்று முன் பீட்டரே அழைத்தார். குரலில் உற்சாகம். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது, பச்சை விளக்கும் எரிந்தது, வெறும் பல்புதான். பதிவேட்டுக்காகச் சம்மதத்தை எழுத்தில் அனுப்பினால் போதும். நாளைக் காலை ஏழு மணிக்கு அடுத்த பறப்பு.

சச்சிதானந்தன் இந்தத் தடவை வாயைத் திறக்காமல் கேட்டு முடித்தார். பிறகு, “நோ,” என்றார். “நான் சம்மதிக்கவில்லை. பூட்டைப் பரிசோதிக்கும்வரை அது பறக்கக் கூடாது.”

“ஏழு தடவை சொன்னீர்களே!”

“கேட்கிறேன் என்று சொன்னேன்.”

நிறுவன உரிமையாளர் வெங்கட்ராமன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். பீட்டர் அவரையும் அழைத்திருந்தார்.

“சார், பிளேன் இறங்கிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுபோச்சு.”

“இறங்கினது பூட்டு நல்லா இருக்குதெண்டு காட்டாது, வெங்கட். ஒருக்கா இறங்கினது எண்டுதான் காட்டும்.”

“நீங்க இல்லைன்னா, நான் வேற ஆள வெச்சு எழுதி வாங்கிக்குவேன். அப்புறம் திங்கக்கிழமை நீங்க இங்க வரவேணாம்.”

“எழுதுறவரிட்ட இந்தப் பக்கத்தையும் காட்டுங்கோ,” என்று சச்சிதானந்தன் கையேட்டை அவர் கையில் கொடுத்தார். வெங்கட்ராமன் அதைத் திறக்காமலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சச்சிதானந்தன் அந்த நாட்டின் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, நடந்ததை நடந்தபடி எழுதினார். தான் ‘யெஸ்’ சொன்னதையும் மறைக்கவில்லை. அனுப்பி முடிக்க இரண்டரை மணியாகிவிட்டது. அங்கே மாலை ஐந்தரை. உடனே பதில் வந்தது. அலுவலகம் மூடப்பட்டுவிட்டது, திங்கட்கிழமை தொடர்புகொள்ளவும் என்று இயந்திரம் எழுதிய பதில்.

“விட்டுட்டு வாங்க அண்ணே, உங்களால ஏலுமானதச் செஞ்சிட்டீங்க,” என்றான் தன்ஸீல்.

“இல்லை, தன்ஸீல். நாளைக்கு ஏழு மணிக்கு அதில ஏறப்போற சனத்துக்கு இது தெரியாது.”

விமானத்தை ஓட்டும் கப்டனிடமே சொல்லிவிட, அவருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்பதற்காக அந்தத் தீவின் விமான நிலையத்துக்குச் சச்சிதானந்தன் அழைப்பெடுத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.