அடியில் கருப்பு, மேலே ஆரஞ்சு

ஆறுமுகநயினாரின் முதல் கிளைடர் வெள்ளை. தெர்மாகோல் அட்டையை அவரே குட்டி விமானமாக அறுத்து ஒட்டி, ரிமோட் பொருத்தி, ஓரத்தில் இளநீலக் கோடு போட்டது. கையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. ஆனி மாதச் சாரல் மேகத்துக்கு நேராக ஏறியதும் காணோம். அன்று சாயங்காலம் முழுக்க வயல் வயலாகத் தேடி நடந்தார். திரும்பி வந்தபோது, தேடினேன் என்று சொன்னதை லாட்ஜில் எல்லோரும் நம்பினார்கள்.

லாட்ஜ் குற்றாலத்தில், மச்சான் குத்தாலிங்கத்துடையது. பதினோரு வருசத்துக்கு முன்னால் நயினார் வேலை பார்த்த மில் மூடியபோது, "ஒரு சீசனுக்குக் கவுண்டர்ல உக்காரும் மாப்ளே" என்றார் மச்சான். அந்த சீசன் இன்னும் முடியவில்லை. படுக்கையும் கவுண்டருக்குப் பின்னால் உள்ள அறையில்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் சுவர். மூன்றரையிலிருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் குளத்தங்கரைக்குப் போகலாம். கூப்பிட்டால் ஐந்து நிமிசத்தில் வந்துவிடுகிற தூரம் அது.

இரண்டாவது கிளைடர் பளிச்சிடும் மஞ்சள். தென்காசியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மதுவின் யோசனை.

"ரோட்டுல போலீஸ்காரங்க மாட்டிக்கிட்டு நிக்குத கோட்டு கலரு அண்ணாச்சி. இதும் தெரியலன்னா நீங்க கண்ணாடிக் கடைக்குத்தான் போணும்."

பக்கத்தில் கண்ணைப் பறித்தது. நாலு பனை உயரம் போனதும் மஞ்சள் வெளுத்து மேகத்தோடு மேகமாகிவிட்டது. மேலும் கீழும் ஒரே நிறம் என்பதால் வருகிறதா போகிறதா என்றும் பிடிபடவில்லை. இடம் என்று நினைத்து வலம் திருப்பினார். நடுக்குளத்தில் விழுந்து மூழ்கியது.

குத்தாலிங்கம் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை.

"இன்னும் ஒண்ணு செஞ்சுக்கிடும் மாப்ளே. அதும் போச்சுன்னா இந்த விளையாட்ட விட்டுரும். ஐம்பது வயசாச்சுல்லா."

அந்த அரைமணி நேரமும் போய்விடும் என்பதுதான் நயினாருக்கு அதன் அர்த்தம். நாலு மாதம் அட்டையைத் தொடவே பயந்தார்.

கார்த்திகை பிறந்தது. லாட்ஜ் முழுக்க ஐயப்ப சாமிமார். மச்சானும் மாலை போட்டுக் கருப்பு வேட்டி கட்டியிருந்தார். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறிய நயினார், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சமாகத் தெரியும் அருவியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அருவிப் புகைக்குள் மஞ்சள் துண்டும் வெள்ளைத் துண்டும் கரைந்துபோயின. கருப்பு வேட்டிகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. காவி கட்டிய ஒரு சாமி தண்ணீரை விட்டு விலகிப் பாறையோரம் வந்தார். இருண்ட பாறைக்கு முன்னால் அந்தக் காவி தீப்பிடித்த மாதிரி இருந்தது.

மேகத்துக்கு எதிரே தெரிவது இறக்கையின் அடிப்பக்கம். சாய்ந்து திரும்பும்போது மலைக்கு எதிரே தெரிவது மேல்பக்கம். அடியில் கருப்பு, மேலே ஆரஞ்சு. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் நிறமே சொல்லிவிடும்.

"கருப்பா?" என்றான் கிதிர் முகம்மது. "காருக்குக் கேப்பாவ அண்ணாச்சி. பறக்குத சாமானுக்கு யாரும் கேட்டதில்ல."

ஒட்டி முடித்த கிளைடரை நயினாரின் மனைவி தங்கபுஷ்பம் லாட்ஜ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, அதுக்கும் மாலை போட்டு விட்டுட்டியளா?"

மறுநாள் மூன்றரைக்குக் கரையில் நின்று கிளைடரை வீசினார். கரையில் மோதி ஏறிய காற்று அதைத் தூக்கிக்கொண்டது. நாலு பனை, ஐந்து பனை. கருப்பு சிறுத்தது, ஆனால் மறையவில்லை. திருப்பினார். மலையின் பச்சைமேல் ஆரஞ்சு பளிச்சென்று ஒருமுறை புரண்டது. நயினார் தன்னை அறியாமல் சிரித்தார். பதினோரு வருசத்தில் அவர் சொன்னபடி கேட்ட ஒரே பொருள் அதுதான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார்.

"மாப்ளே, மொட்டமாடில நிக்கேன். ஒம்ம பிளேனு இங்கன இருந்து என்னமாத் தெரியுது. நல்ல கலரு புடிச்சிருக்கீரு."

"தெரியுதா சாமி?" என்றார் நயினார்.

"வேன்ல பதினெட்டு சாமிமாரு வந்துருக்காவ. எறக்கிட்டு வாரும்."

"நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு சாமி."

"இனிமே மணி பாக்கவே வேண்டாம் மாப்ளே. ஆள் வந்தா மாடிக்கு வந்து பாத்துக் கூப்பிடுதேன். ஒம்ம பிளேனு மேல நின்னா நீரு கரையில நிக்கீருன்னு அர்த்தம். எறக்கும், பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்."

நயினார் லாட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சுவர்களுக்கு மேலே, மொட்டைமாடியில், ஒரு கருப்புப் புள்ளி அசையாமல் நின்றது. அத்தனை தூரத்திலும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு நிமிசம் கிளைடரின் மூக்கை மேகத்தைப் பார்த்துத் தூக்கினார். கிளைடர் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. தொலைந்தால் இருட்டும்வரை தேடி நடக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. கருப்பு கடுகளவானது. அப்போதும் தெரிந்தது.

ரிமோட் குச்சியைக் கட்டைவிரலால் மெல்ல முன்னே தள்ளி இறக்கினார். ஒரு கீறல் இல்லாமல் அது புல்லில் வந்து உட்கார்ந்தது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் லாட்ஜ் வாசலுக்கு வந்து சேரும்வரை மொட்டைமாடியில் அந்தப் புள்ளி அங்கேயே நின்றது.