ஆகக் கூடிய சம்பளம்

என் அறைக் கதவில் பிஸ்கட் பெட்டி மட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். "மூன்று மணிக்கு முன் எழுப்ப வேண்டாம். வீடு பற்றினாலும்." பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்ப்பவனுக்கு வேறு வழியில்லை. அந்தச் சனிக்கிழமை வாப்பா என்னை அந்தக் கதவு வரைக்குமே போகவிடவில்லை. காலை ஆறரைக்கு நான் வந்தபோது அவர் வெளுத்த சேட்டுப் போட்டு வாசலில் நின்றார். பின்னால் தங்கச்சி றுமைஸா பைலோடு நின்றாள்.

"ஒன்ட பழைய கெம்பஸ் கார்ட எடு. கண்டிக்குப் போவோம்."

"என்னத்துக்கு?"

"இண்டைக்கு ஓப்பன் டே. பழைய மாணவர்ட தங்கச்சிக்கு பத்து வீதம் கழிவாம். ஆள் நேர்ல வரணுமாம்."

நான் அந்தத் தனியார் கெம்பஸில் இரண்டு வருடம் படித்தவன். மூன்றாம் வருடக் கட்டணத்தை இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு பவுண்ட்ஸில் கட்ட வேண்டும் என்பது சேரும்போது சிறிய எழுத்தில் இருந்தது. ரூபாய் விழுந்த வருடம் அது. ஆறு லட்சம் என்று நினைத்திருந்த தொகை பத்தைத் தாண்டியது. விட்டுவிட்டேன். கட்டிய ஒன்பது லட்சத்துக்கு என்னிடம் மிஞ்சியது அந்தக் கார்ட் ஒன்றுதான். அதையும் வீணாக்கக் கூடாது என்று வாப்பா நினைத்தார்.

றுமைஸாவுக்கு அரசாங்கத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கிடையாது. திங்கட்கிழமைக்குள் பதியாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "சும்மா குடுக்கிறதுல என்ன பெறுமதி ஈக்கப் போகுது?" என்று வாப்பா அந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்கவே இல்லை. கெம்பஸுக்குப் பதினெட்டு லட்சம். அதற்காகப் பிலிமத்தலாவைக் கடையில் பாதியைத் தன் தம்பிக்கு, எங்கள் சாச்சாவுக்கு, எழுதிக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். பதிவுக்கான முப்பத்தைந்தாயிரம் சேட்டுப் பையில் இருந்தது. கட்டினால் திரும்ப வராத காசு.

பஸ்ஸில் விளம்பரத் தாளை என் மடியில் போட்டார். நடுவில் தடித்த எழுத்தில் எமது பட்டதாரிகளின் சராசரி மாதச் சம்பளம் 1,15,000, ஆகக் கூடியது 4,00,000 என்று இருந்தது. அதற்குக் கீழே நான் சேர்ந்த வருடம்.

"பாத்தியா? ஒன்னோட படிச்ச ஒருத்தன் நாலு லட்சம் எடுக்கிறான். ஒரே வகுப்பு, ஒரே மாஸ்டர்மார். நீ பெற்றோல் அடிக்கிற."

அந்த எண்ணைப் பார்த்ததும் என் தூக்கம் போய்விட்டது. மார்ச் மாதம் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக ஒரு பெண் கெம்பஸிலிருந்து அழைத்தாள். இப்போது என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டாள். நான் படிப்பை முடிக்கவில்லை என்றேன். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை என்றாள். "நாலு லட்சம். போதுமா?" என்று சொல்லி, இன்னும் சிலதையும் சொல்லி, போனை வைத்துவிட்டுத் தூங்கினேன்.

"வாப்பா, இந்த நாலு லட்சம் நான்தான்," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

வாப்பா சிரித்த சிரிப்பில் முன் ஆசனத்து ஆள் திரும்பிப் பார்த்தார். "நீ நாலு லட்சமெண்டா நான் இந்த பஸ்ட முதலாளி. கொண்டக்டர்ட்ட மிச்சக் காசு கேக்காத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி படிச்சி வாரது ஒனக்குப் பொறுக்குதில்ல. பொறாம."

என்னை நானா என்றே கூப்பிடும் றுமைஸா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "உண்மையா, நானா?"

"உண்ம."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"தூக்கம்."

பேராதனை வீதியில் அந்தக் கட்டடத்தின் கீழே பாமசி, நடுவில் பல் டொக்டர், மேலே கெம்பஸ். படிக்கட்டு முழுக்க பலூன் கட்டியிருந்தார்கள். மேசையில் இருந்த பெண்ணின் அட்டையில் துஷாந்தி, மாணவர் அனுமதி என்று எழுதியிருந்தது. றுமைஸாவின் ஏ.எல். பரீட்சைப் பெறுபேற்றை அவள் பஸ் டிக்கட்டைப் பார்க்கும் நேரம்தான் பார்த்தாள்.

"நீங்கள் தெரிவாகிட்டீங்கள். வாழ்த்துகள்."

"பாத்தியா, ஒரு நிமிஷத்துல தெரிவாகிட்டா," என்றார் வாப்பா.

"நானும்தான் தெரிவானேன். என்னட்ட கேட்ட கஷ்டமான கேள்வி, காசு தவணையா ஒரேயடியாவா எண்டுதான்."

துஷாந்தி சிரிப்பை அடக்கினாள். நான் விளம்பரத் தாளை அவள் முன்னால் வைத்தேன். "மிஸ், இந்தச் சராசரி எத்தன பேர்ட சம்பளம்?"

"பதில் தந்த ஆக்களின்ர."

"எத்தன பேர்?"

அவள் மனேஜர் இருந்த பக்கம் பார்த்தாள். அவர் வேறொரு குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். "ஒன்பது."

"சேர்ந்தது?"

"அறுபத்தொண்டு."

"மத்தவங்க பெரிய பெரிய வேலைல ஈப்பாங்க. போன் எடுக்க நேரம் ஈக்காது," என்றார் வாப்பா. எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

றுமைஸா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மிஸ், அந்த லிஸ்ட்டப் பாக்க ஏலுமா? எங்கட கடைல பாதி போகுது."

துஷாந்தி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "பேர் காட்டேலாது. மற்றதைப் பாருங்கோ." பெயர்களை மறைத்துவிட்டு கம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

வாப்பாவின் விரல் வரிசையாக இறங்கி நான்கு லட்சத்தில் நின்றது. "இந்தா! யார்ட புள்ளயோ. அந்த வாப்பாக்கு அல்லாஹ் நல்லா குடுத்தீக்கான்." விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. குறிப்பு என்று அதற்கு மேலே போட்டிருந்தது. எதையும் சத்தமாக வாசிப்பது அவர் பழக்கம். "மூன்று மணிக்கு முன் எழுப்ப வேண்டாம். வீடு..."

அத்தோடு நிறுத்தினார். அந்த மட்டையைத் தொழுகைக்கு எழும்பும்போதும் சாப்பிட வரும்போதும் அவர் தினமும் பார்க்கிறவர். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

துஷாந்தியும் பார்த்தாள். "அது நீங்களோ? அண்டைக்கு என்ன பேச்சுப் பேசினீங்கள்! நீங்கள் சொன்னதை அப்பிடியே அடிச்சு வச்சனான்."

"ஓம், நான்தான்."

றுமைஸா போனில் கணக்குப் போட்டாள். "நானாவக் கழிச்சா சராசரி எழுவத்தொம்பதாயிரம். அதுலயும் கூடச் சம்பளம் ரெண்டும் கட்டார் நாட்டுல." குறிப்பைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் டிரைவர்மார், வாப்பா."

"டிரைவருக்கு டிகிரி கேக்கியாங்களா?" என்று வாப்பா யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"லைசன் கேப்பாங்க," என்றேன்.

"பதியிறீங்களோ ஐயா?" என்றாள் துஷாந்தி. அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வாப்பா சேட்டுப் பையின் பட்டனைப் போட்டுக்கொண்டு எழும்பினார். "அந்தப் பத்து வீதத்த நீங்களே வெச்சிக்கோங்க."

வீதிக்கு வந்ததும் கெம்பஸ்காரர்களை ஏசுவார் என்று நினைத்தேன். என்னைத்தான் ஏசினார். "பொய் சொன்னாலும் அளவாச் சொல்லத் தெரியாதாடா? எழுவதாயிரம் எண்டு சொல்லீந்தா நான் இவ்வளவு தூரம் வந்தீப்பனா?"

"எழுவதாயிரமும் பொய்தானே வாப்பா."

றுமைஸா பைலிலிருந்து அரசாங்கக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்தார். "ஜீ.எஸ்.ட வருமான அத்தாட்சி கேட்டீக்கி," என்றார். "சனிக்கிழம பன்னெண்டு மணி வரைக்கும்தான் அவர் ஈப்பார். நீ கூட்டிட்டுப் போ. நான் கடையத் தொறக்கணும். சாச்சா வந்து நிப்பான், அவனுக்கும் ஒரு பதில் சொல்லணுமே."

"நான் இன்னும் தூங்கல்ல."

"நாலு லட்சம் எடுக்கிறவருக்குத் தூக்கம் வேறயா? பஸ் காசும் நீயே குடு."

மூன்று பேருக்கும் நான்தான் கொடுத்தேன்.

ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரின் கந்தோரில் எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எங்கள் முறை வரும்போது பதினொரு மணி தாண்டியிருந்தது. அவர் வீட்டு இலக்கம் கேட்டார், கடையின் மாத வருமானம் கேட்டார், பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"மாசச் சம்பளம்?"

றுமைஸா என்னையே பார்த்தாள்.

"ஐம்பத்திரண்டாயிரம்," என்றேன்.

"ஓவர்டைம் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."