முன்பல் ஆறு

எட்டே முக்காலுக்கு வக்கீலின் மேலுதடு செத்துப்போனது. விரலால் தட்டிப் பார்த்தாள். யாருடைய உதட்டையோ தட்டுவது போலிருந்தது.

"மரத்துடுச்சான்னு கேக்குறாரு," என்றாள் தம்பி மனைவி.

"மரத்துடுச்சு."

தம்பி மனைவி டாக்டரிடம் திரும்பி அந்த நாட்டு மொழியில் பேசினாள். வக்கீல் சொன்னது ஒரு சொல். அவள் நீட்டி முழக்கினாள். டாக்டர் புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார். அவள் தாடையைக் கோணலாக்கி, கீழ்ப்பல்லை மேல்பல்லோடு வைத்து அரைத்துக் காட்டினாள். டாக்டர் தலையாட்டினார். நர்ஸின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே சிரித்தன.

"என்ன கதை அளக்குற அவர்கிட்ட?"

"வாயைத் திறங்க அண்ணி. ஆரம்பிக்கப்போறாரு."

வக்கீல் வாயைத் திறந்தாள்.

கோர்ட்டில் அவள் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சிக்குத் தண்ணீர் தேவைப்படும். கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று கூண்டிலேயே வாயை அடைத்துவிடுவாள். வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. இப்போது அந்த வாய் திறந்து கிடக்கிறது. அதற்காகப் பேசும் வாய் வேறொருத்தியுடையது. அந்த வேறொருத்தி, குடும்பத்திலேயே அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாதவள்.

சொந்த ஊரில் பல் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் ஒருவர் மேல் ஒரு வழக்கு வந்தது. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் என்பது புகார். வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றி நார் நாராகக் கிழித்தாள். ஜெயித்தாள். அடுத்த வருஷம், வேறொரு வழக்கில் வாதம் சூடுபிடித்த நேரத்தில், அவளுடைய முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. துண்டை விழுங்கிவிட்டு வாதத்தை முடித்தாள். பக்கத்துப் பற்களும் தேய்ந்து விரிசல் விட்டிருந்த விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு டாக்டர் மெஷின் ரிப்பேர் என்றார். ஒருவர் வெளியூர் கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் மட்டும் உண்மை பேசினார்.

"மேடம், உங்க வாய்க்குள்ள கையை விட எனக்கு தைரியம் இல்ல."

வெளிநாட்டு யோசனை தம்பியுடையது. அங்கே நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் மொழியைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார்கள், என் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ என்றான். அவன் மனைவி கல்யாணத்துக்கு முன் அந்த நாட்டில் சில வருஷம் வேலை பார்த்தவள். அந்தக் காரணத்துக்காகவே வக்கீல் அந்தக் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றாள். நடந்து முடிந்த பிறகும் விடவில்லை. குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், அந்த வெளிநாட்டு வேலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே பேச்சு என்றால் அவசியத்துக்கு மட்டும்.

ஆனாலும் தம்பி மனைவி துணைக்கு வந்தாள். ஏன் வந்தாள் என்று வக்கீல் விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் மத்தியானம் வரை சீவினார். சுட்ட எலும்பு வாடை அடித்தது. முடிந்ததும் வக்கீல் கண்ணாடி கேட்டாள். மேல்வரிசையில் முன்பல் ஆறும் போய்விட்டிருந்தன. அந்த இடத்தில் மழுங்கிய பென்சில் முனைகள் போல ஆறு குட்டைப் பற்கள். ஒரு கணம்தான் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் அளவெடுத்து, அவற்றை மூட தற்காலிக பிளாஸ்டிக் கேப்பை மாட்டி அனுப்பினார். நிஜ கேப் தயாராக ஒரு வாரம்.

தங்கிய இடம் ஒரே அறை. இரண்டு கட்டில், ஒரு கை கழுவும் தொட்டி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். கதவைச் சாத்தியதும் வக்கீல் தொடங்கினாள். பிளாஸ்டிக் பற்களுக்கு இடையே காற்று சீறியது.

"மரத்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். நீ அவர்கிட்ட புராணம் படிச்ச. என்ன சொன்ன?"

"நீங்க தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்கன்னு சொன்னேன்."

"நானா?"

"வந்து இறங்கின ராத்திரியே கேட்டேன். மிக்ஸியில கல்லைப் போட்ட மாதிரி இருந்துச்சு. கீழ் வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டுவானோன்னு பயந்துட்டேன்."

"பொய். சாட்சி இருக்கா?"

"பக்கத்துக் கட்டில்ல நான் இருந்தேனே."

"நீ எதிர்க்கட்சி. உன் சாட்சி செல்லாது."

"செல்லாட்டி போகட்டும். பல்லு ஏன் இப்படித் தேஞ்சு கிடக்குன்னு டாக்டர் கேட்டாரு. சொன்னேன். அப்படின்னா நீங்க கேட்ட பளபளா பீங்கான் தாங்காதாம், விரிசல் விட்டுடுமாம். கெட்டியான சாமான்ல செய்றாராம். வெள்ளை கொஞ்சம் மங்கலா இருக்கும், பரவாயில்லையான்னாரு."

"பரவாயில்லன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"என் பல்லுக்கு நீ சரி சொன்னியா?"

"உங்களுக்குத்தான் மரத்துப்போயிருந்துச்சே."

வக்கீல் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். உன் பெண்டாட்டி என் வாயை வைத்து வியாபாரம் பேசுகிறாள் என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினாள். தம்பி பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, நீ பேசறது ஒரு எழுத்தும் விளங்கல. காத்துதான் வருது. போனை அவகிட்ட குடு."

வக்கீல் கொடுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கொலை வழக்கில் இறுதி வாதம் காத்திருந்தது. கட்சிக்காரன் சிறையிலிருந்து அவளுடைய வாயைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். நீதிபதிக்குக் காது மந்தம். சொந்தத் தம்பிக்கே விளங்காத பேச்சு அவருக்கு விளங்கப்போவதில்லை.

அந்த வாரம் அறையில் பேச்சு ஒழிந்தது. தம்பி மனைவி தினமும் சூப் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். ஒன்று கொதிக்கும், அல்லது ஜில்லிட்டிருக்கும். நடுவாந்தரமாக ஒருநாளும் இல்லை. வக்கீல் அதை ஸ்பூனால் ஊதி ஊதிக் குடிக்கையில், எதிர்க் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து நிதானமாக மெல்லுவாள். அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லு மாதிரி.

ஒருநாள் வக்கீலுக்குப் பொறுக்கவில்லை.

"சத்தமில்லாம தின்னத் தெரியாதா?"

"இங்க நான் பார்த்துக்கிட்ட கிழவரும் இதையேதான் கேப்பாரு."

"எந்தக் கிழவர்?"

"நான் வேலை பார்த்த வீட்டுக் கிழவர். படுத்த படுக்கை. காலையில அவரோட பல்செட்டைக் கழுவித் துடைச்சு வாயில மாட்டிவிடுவேன். மாட்டினதும் முதல் வேலையா என்னைத் திட்டுவாரு. அது வரைக்கும் பாவம், பச்சைக் குழந்தை மாதிரி கிடப்பாரு." கடலைத் தோலை ஊதினாள். "நீங்க கேட்டதேயில்லையே, அதான் சொன்னதில்ல."

வக்கீல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கேப் மாட்டும் நாள் வந்தது. மறுநாள் விமானம். பிளாஸ்டிக்கைக் கழற்றியதும் காற்று குட்டைகளைத் தொட்டது. வக்கீலின் கால் கட்டைவிரல் வரை சுண்டியது. கண்ணில் நீர் முட்டியது. தம்பி மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு, பார்வைக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போடச் சொல்லு," என்றாள் வக்கீல்.

"இன்னிக்கு ஊசி வேண்டாம்கிறாரு. கேப்பை மாட்டிப் பேசிப் பார்க்கணுமாம். உதடு மரத்தா உங்களுக்கே தெரியாதாம்."

"போடச் சொல்லுன்னேன்."

இவள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதைவிட உதடு சாவது மேல். போட்டார்கள்.

ஆறு கேப்பும் பசையில்லாமல் உட்கார்ந்தன. நீலத் தாளைக் கடிக்க வைத்து, மை ஒட்டிய மேடுகளை டாக்டர் ராவினார். கண்ணாடி காட்டினார். நிறம் அவள் கேட்டதைவிட ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் பல் பல்லாக இருந்தது. உடையாத காலத்தில் இருந்த அவளுடைய பற்களைப் போலவே இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் பேசினார். தம்பி மனைவி கேட்டுச் சொன்னாள். "ரெண்டு வழியாம். சும்மா ஒட்டுற பசையில ஒட்டித் தருவாராம். ஊருக்குப் போய்ப் பேசிப் பார்த்துட்டு, பிடிச்சா திரும்பி வந்து நிரந்தரமா ஒட்டிக்கலாம். இல்லன்னா இப்பவே நிரந்தரமா. அப்படி ஒட்டினா ஒட்டினதுதான். கழற்றணும்னா உடைச்சுத்தான் எடுக்கணும்."

"திரும்பி வர்றதுன்னா?"

"நானும்தான் வரணும். அதே ரூம்."

"நிரந்தரமா ஒட்டச் சொல்லு."

டாக்டர் விடவில்லை. விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டி எதையோ விளக்கினார். தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி உங்க பேச்சு பழையபடி இருக்கான்னு தெரியணுமாம். பல்லு நீளம் கொஞ்சம் மாறினாலும் விசில் அடிக்குமாம். அவருக்கு நம்ம மொழி தெரியாது. உங்களுக்கு வாய் மரத்திருக்கு. அதனால நான்தான் காது குடுத்துக் கேட்டுச் சொல்லணுமாம்."

எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரத்தது.

வக்கீல் ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள்.

"நீங்க எண்ணி நான் கேட்டதே இல்ல," என்றாள் தம்பி மனைவி. "முன்ன எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே இப்ப எப்படின்னு சொல்ல முடியும்?"

"கனம் கோர்ட்டார் அவர்களே, எனது கட்சிக்காரர்..."

"கோர்ட்டுக்கும் நான் வந்ததில்ல."

"அப்ப எதைத்தான் சொல்லித் தொலைக்கிறது?"

"அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க. அதுல ஒரு எழுத்து பிசகினாலும் எனக்குத் தெரியும்."

"எது? எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு. எடுத்துக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

ஞாபகம் இல்லாதவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள் என்பது, சொல்லிவிட்ட பிறகுதான் வக்கீலுக்கு உறைத்தது. எத்தனையோ சாட்சிகளை அவள் பிடித்த இடம் அது.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் பசைக் குழாயின் மூடியைத் திருகித் திறந்து வைத்தாள். வெளியே அடுத்தவர் இருமினார். வக்கீல் மேலே எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த ஊர்ல அவ என்ன வேலை செஞ்சாளோ, சாமிக்குத்தான் வெளிச்சம்."

"இவ்வளவு வேகமா சொல்லல. 'சாமி'க்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துனீங்க. எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தீங்க. அப்புறம்தான் சொன்னீங்க."

"என்னை வெச்சு விளையாடுறியா?"

"கேக்கறது டாக்டர். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல அண்ணி."

வக்கீல் மறுபடி சொன்னாள். செத்த உதட்டை இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பார்ப்பதற்கு டாக்டரும் நர்ஸும்தான் இருந்தார்கள். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். 'சாமி'யில் ஒரு சின்ன சீட்டி கேட்டது. கேட்டதா, எச்சில் குழாயின் சத்தமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. பிறகு கண்ணைத் திறந்து டாக்டரிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். அன்றைக்கு நீட்டி முழக்கியவள், இன்றைக்கு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். வக்கீல் அந்த வாரம் முழுக்கக் காதில் வாங்கியிராத சொல்.

டாக்டரின் முகம் தெளிந்தது. கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் அடுக்கினார். நர்ஸ் பசையைப் பிதுக்கினாள். முதல் கேப்பின் குழியில் பசை நிரம்பியது. டாக்டர் அதை விரல் நுனியில் ஏந்தி வாயருகே கொண்டுவந்தார்.

வக்கீல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

டாக்டர் பதறி ஏதோ சொன்னார். பசை இறுகுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கையை உதறப் பார்த்தார். அவள் விடவில்லை. விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி, கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடிய தம்பி மனைவியைப் பார்த்தாள். ஆறு குட்டைகளுக்கு நடுவே வார்த்தை காற்றோடு காற்றாக வந்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. விசில் வந்துச்சா, இல்லையா?"