சுவருக்கு அந்தப் பக்கத்துப் புகைக்கூண்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே நடுச்சுவரை வைத்துக் கட்டிய இரட்டை வீடு அது. இந்தப் பக்கம் சத்தியநாதன் குடும்பம், அந்தப் பக்கம் தனசிங் குடும்பம். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். ஒரே சபை, ஒரே கிணறு, சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருந்தும் சத்தியநாதனின் மனைவி புஷ்பத்துக்கு அந்தப் பக்கத்தில் எல்லாமே ஒரு பிடி கூடுதலாகத் தெரிந்தது. முருங்கை அங்கேதான் அதிகம் காய்த்தது. துணிக்கு நீலம் போட்டால் தனசிங்கின் மனைவி தபீதாளுக்கு மட்டும் திட்டுத் திட்டாக நிற்காமல் பிடித்தது. இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது தபீதாளின் சனிக்கிழமை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தனசிங் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி வைத்து மாடிக்கு ஏறுவார். இரண்டு சமையலறைக்கும் பொதுவாக நடுச்சுவரில் ஒரு புகைக்கூண்டு மேலே போகிறது. உள்ளே குறுக்குச் சுவர் வைத்து ஆளுக்கொரு குழாயாகப் பிரித்திருந்தார்கள். கயிற்று நுனியில் ஒரு கல், அதற்கு மேலே ஈச்ச விளக்குமாறும் பழைய சாக்கும் சேர்த்துக் கட்டி, கூண்டுக்குள் இறக்கி, வாளி இழுக்கிறமாதிரி மேலும் கீழும் இழுப்பார். கீழே தபீதாள் அடுப்புக்கு முன்னால் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வருதுங்க, இழுங்க" என்பாள். அவர் மேலேயிருந்து ஏதோ சொல்வார். அவள் சிரிப்பாள். கூண்டு வழியாக அந்தச் சிரிப்பு புஷ்பத்தின் அடுப்படிக்குள்ளும் வந்து விழும்.

இந்தச் சமயத்தில் சத்தியநாதன் என்ன செய்துகொண்டிருப்பார்? பேப்பருக்குப் பின்னால் இருப்பார். புஷ்பத்தின் கணவருக்கு முகம் என்று ஒன்று உண்டு என்பதே ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் தெரியும்.

"நீங்களும் ஒருநாள் ஏறிப் பார்க்கக் கூடாதா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒருதரம், கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கிறப்போ ஆள் வச்சுத் தட்டினா போதும். மாசா மாசம் தட்டறதுக்கு இது என்ன ரயில் இன்ஜினா?"

அவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒருதரம் தட்டியும் புஷ்பத்தின் அடுப்பு ஒருநாளும் புகைந்ததில்லை. அப்படியானால் அந்தப் பக்கத்துக் கூத்தெல்லாம் வெறும் பகட்டு. எனக்கு எப்படிப்பட்ட புருஷன் பார் என்று ஊருக்கு ஏணி வைத்துக் காட்டுகிறாள். இப்படி முடிவு கட்டியதில் புஷ்பத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. அடுத்த சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை அது நிலைக்கும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. தனசிங் மேலே ஏறுகிற சனிக்கிழமைகளில் புஷ்பத்தின் அடுப்பிலும் கரி கொட்டிக் கிடக்கும். கொஞ்சநஞ்சமில்லை, முறம் நிறைய. தங்கள் வீட்டுக் கரியை என் பக்கம் தள்ளுகிறார்கள் என்று அவள் நம்பினாள். பொறாமைப்படுகிறவர்களுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். பார்த்ததற்குச் சொல்லிக்கொள்கிற காரணத்தில்தான் கோளாறு.

ஆனி மாதம் அது வெடித்தது. வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் சபையில் தபீதாள் வீட்டுக்குத்தான் சாப்பிட அனுப்புவார்கள். அந்த முறையும் அப்படியே ஆயிற்று. பெண்கள் சங்கச் செயலாளர் ஞானஜோதி கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "அவ அடுப்படியிலேயே பாய் போட்டுச் சாப்பிடலாமே" என்று வேறு சொன்னாள். அந்தச் சனிக்கிழமை அடுப்பில் கரி கொட்டியதும் புஷ்பம் முறத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"தபீதாள், உங்க பக்கம் நீங்க தினமும்கூடத் தட்டிக்குங்க. எங்க பக்கம் ஒரு பொட்டுக் கரி விழக்கூடாது. எங்களுக்கு வருஷத்துக்கு ஒருதரம் போதும்."

தபீதாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க அக்கா, அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். அதன்பின் கரி விழவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று புஷ்பம் பூரித்துப் போனாள்.

ஐப்பசியில் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் குடும்பத்தோடு எந்த வீட்டில் கை நனைக்கிறாரோ, அந்த வீட்டுக்கு அவர் இருக்கும்வரை ஒரு மரியாதை உண்டு. சங்கக் கூட்டத்தில் ஞானஜோதி வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் எழுந்து, "ஐயாவுக்கு எங்க வீட்லதான்" என்று சொல்லிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. இந்த ஒரு சாப்பாடு மட்டும் நல்லபடியாக நடந்துவிட்டால் போதும், தபீதாள் பேச்சு சபையில் கொஞ்சம் அடங்கும். அவள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான், கொஞ்சம் வெட்கத்தோடு.

சில வாரங்களாகவே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மழைக்கு விறகு ஈரம் என்று அவள் நினைத்தாள். சத்தியநாதனும் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சவுக்கு ஈரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பைக் காலையிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, சோறு சூடாக இருக்கவேண்டும், மீன் அப்போதுதான் பொரித்ததாக இருக்கவேண்டும் என்று இரண்டு அடுப்பையும் ஒன்றாக மூட்டினாள். போதகர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள் எல்லாரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அடுப்படி இருண்டது. பிறகு புகை நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்தது. போதகர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னக் குழந்தை இருமி இருமி அழ ஆரம்பித்தது. புஷ்பம் ஊதினாள், விசிறினாள், விறகை உருவினாள். உருவிய விறகு இன்னும் மோசமாகப் புகைந்தது. சத்தியநாதன் ஜன்னலைத் திறந்தார். மழைதான் உள்ளே வந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து தபீதாள் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒண்ணும் பதறாதீங்க. பாத்திரத்தையெல்லாம் அப்படியே எங்க பக்கம் தூக்கிட்டுப் போயிடலாம்."

புஷ்பம் சோற்றுப் பானையை இறக்கி எடுத்துக்கொண்டாள். குழம்புச் சட்டியைத் தபீதாள் தூக்கிக்கொண்டாள். சோறு அந்த வீட்டு அடுப்பில் வெந்தது, மீன் அந்த வீட்டு அடுப்பில் பொரிந்தது. வெள்ளைவெளேரென்ற சுவருக்கு முன்னால் இலை போட்டார்கள். போதகரின் மனைவி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க புகையே இல்லையே, எத்தனை நாளைக்கு ஒருதரம் கூண்டைத் தட்டுவீங்க?" என்று கேட்டாள்.

தனசிங் சாதாரணமாகத்தான் சொன்னார். "மாசம் ஒருதரம்மா. ஏறினா ரெண்டு பக்கமும் சேர்த்தே தட்டிடுவேன், சத்தியநாதன் சார்கிட்ட முதல்லயே கேட்டுக்கிட்டேன். இப்போ நாலைஞ்சு மாசமாத்தான், அவங்க..."

"நாங்கதான் இடையில கொஞ்சம் விட்டுட்டோம். எங்க தப்பு" என்று தபீதாள் குறுக்கே விழுந்து சொல்லிவிட்டு, மீனை எடுத்துப் போதகர் இலையில் வைத்தாள்.

புஷ்பம் கணவரைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்தார். என்றைக்கோ தனசிங் கேட்டதற்குப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றிருக்கிறார். வீட்டில் சொல்ல மறந்திருக்கிறார். இத்தனை வருஷம் அவள் அடுப்பு புகையாமல் எரிந்தது அந்தச் சனிக்கிழமைகளால். முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ச் சண்டை போட்டது தன் வீட்டுக் கரிக்கு.

எல்லார் முன்னாலும் தபீதாள் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் புஷ்பத்துக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். அதையும் தபீதாள் மிச்சம் வைக்கவில்லை. அந்த நிமிஷம் புஷ்பம் பொறாமைப்பட்டதுபோல் முன்பு எப்போதும் பொறாமைப்பட்டதில்லை. தனசிங்குக்காக அல்ல, வெள்ளைச் சுவருக்காகவும் அல்ல. யோசிக்காமல் ஒரு நல்ல பொய் சொல்ல இவளால் முடிகிறதே, என்னால் முடியாதே என்று பொருமினாள்.

குழம்பு அமிர்தம் என்று போதகர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அது புஷ்பம் அக்கா கைப்பக்குவம்" என்று தபீதாள் உடனே சொன்னாள். அதைச் சொல்லுவதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

கை கழுவியதும் போதகர் ஜெபம் பண்ண எழுந்தார். எல்லாரும் தலை குனிந்தார்கள். புஷ்பம் கரி படிந்த முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். எங்களுக்கு வயிறார உணவளித்த இந்த வீட்டை ஆசீர்வதியும் என்று அவர் உருக்கமாக ஜெபித்தார். இந்த வீட்டு எஜமானையும் எஜமானியையும், இந்த அடுப்பையும் ஆசீர்வதியும் என்றார். புகைக்குத் தப்பி வந்தவர், நிற்கிற வீட்டைத்தானே ஆசீர்வதிக்க முடியும்? எல்லாரும் ஆமென் என்றார்கள். புஷ்பமும் சொல்லத்தான் வேண்டும். சற்றுப் பிந்தி, தனியாக, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.